பதினேழாம் இலக்கம் பதில் சொல்கிறது

உலகத்தில் அழியாதது பெயர் ஒன்றுதான். உடம்பு மண்ணுக்குப் போகும், பதவி அடுத்தவனுக்குப் போகும், வீடு பிள்ளைகளின் வழக்குக்குப் போகும். பெயர் மட்டும் காலத்தைக் கடந்து நிற்கும்.

இதைச் சொன்னது நானல்ல. வத்தேகமவுக்கு மேலே, பன்விலப் பாதையில் ஒரு பழைய பங்களாவின் கேற்றில் தொங்கிய பித்தளைப் பலகை சொன்னது. வாசகம் கீழ்வரியில் சிறிய எழுத்தில் இருந்தது. மேல்வரியில் வீட்டுக்காரரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பெயருக்கு முன்னால் ஒரு கறுப்பு சொப்பிங் பேக் கட்டியிருந்தது.

பேக்குக்குள்ளே இருந்தது ‘கலாநிதி’ என்ற ஆய்வுப் பட்டம். அன்று பின்னேரம் மூன்று மணிக்குப் பேராசிரியர்கள் இன்டர்நெட்டில் நடத்தும் நேர்முகத் தேர்வுக்குப் பிறகுதான் அது உண்மையாகும். பலகை செய்கிறவன் முந்திக் கொடுத்துவிட்டான். அதனால் அதுவரை மூடி வைத்திருந்தார்கள்.

நான் ரிஸ்மி. கண்டி டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கதவில்லாத கடை, ஆனால் போர்ட் இருக்கிறது; ஆகவே பலகைகளைப் பற்றிப் பேச எனக்குப் பெரிய அருகதை இல்லை. அன்று காலை எட்டு மணியிலிருந்து அந்த வீட்டில் இன்டர்நெட் இல்லை. பத்துத் தரம் கோல் வந்தது. பதினோராம் தரம் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

வழியெல்லாம் மழை. பங்களாவை அடைந்தபோது மணி ஒன்று இருபது. பகல்தான், ஆனால் மலைக்குப் பின்னாலிருந்து இறங்கிய மூட்டம் வீட்டின் பாதியைத் தின்றிருந்தது. கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராக விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது போலப் பட்டது.

டக். டக். டக்.

யாரோ விரல்களைச் சொடக்கு முறிப்பது போல. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“வாருங்கள் தம்பி. இன்னும் நூறு நிமிடங்கள் உள்ளன. வரலாறு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது” என்றார் யோகராஜ் சேர். ஓய்வுபெற்ற பிரதிக் கல்விப் பணிப்பாளர். கோட்டும் டையும் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, விறாந்தையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். இவர் வீட்டிலும் மேடைத் தமிழ்தான் பேசுவார் என்று ஊரில் சொல்வார்கள். நான் நம்பியதில்லை.

“வரலாறு ஒரு பக்கமா கவனிக்கட்டும். மொதல்ல அந்தப் புள்ளைய ஜக்கட்ட கழட்ட விடுங்க” என்றார் அவருடைய மனைவி யசோதினி டீச்சர். முப்பது வருடம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர். எந்த மனிதரையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகப் பார்க்கும் கண்.

கம்பியூட்டர் இருந்தது பின்னறையில். ஒரு காலத்தில் அந்தப் பங்களாவில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இருந்தாராம். லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் சனங்களுக்கு அப்போது தனித்தனி முகவரி கிடையாது. எல்லாருடைய கடிதமும் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும். கிளாக்கர் பிரித்து, இந்தப் பின்னறை ஜன்னலால் கொடுப்பார். கொடுக்க மனமில்லாவிட்டால் கொடுக்க மாட்டார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் இன்னும் இருந்தன. ஒவ்வொரு லயக் காம்பராவுக்கும் ஒன்று, வெள்ளைப் பெயின்ற்றில் இலக்கம். இப்போது அவற்றில் சேரின் கேடயங்களும், பொன்னாடை போர்த்திய படங்களும், ஒரு அமைச்சரோடு கைகுலுக்கிய படமும் இருந்தன. பதினேழாம் இலக்கப் பெட்டியில் மட்டும் ரூட்டர் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“இதுக்குள்ள யாரு வச்ச?”

“கணேஸ்தான்” என்றார் டீச்சர். “சேருக்கு டைப் பண்ணினவன். கம்பியூட்டரும் அவன்தான் பாப்பான். போன ஐப்பசியில தவறிட்டான். கலகெதர பஸ்ல ஏறுனவன் எறங்கல. தூங்குறான்னு நெனச்சு கொண்டக்டர் டிப்போ மட்டும் கொண்டு போயிட்டான்.”

“நல்ல தட்டச்சாளர்” என்றார் சேர், நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியை வாசிப்பது போல.

“தெரியும்” என்றேன். மேற்கொண்டு கதைக்காமல் பையைத் திறந்தேன்.

*

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். ரூட்டரை நிறுத்தி, முப்பது எண்ணி, மீண்டும் போட்டேன். பச்சை விளக்கு வந்தது. இன்டர்நெட் வரவில்லை.

கேபிளின் தலை பழுதாக இருக்கலாம் என்று, சிவப்பு டேப் சுற்றிய கிரிம்பிங் டூலை எடுத்து, பழைய தலையை வெட்டிவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்தினேன். வரவில்லை.

பிறகு டீஎன்எஸ்ஸைப் பார்த்தேன். அது என்ன என்று சேர் கேட்டதால் சொன்னேன். “சேர், நாங்க ஒரு தளத்திட பேரத்தான் அடிக்கிற. கம்பியூட்டருக்கு பேரு விளங்காது, நம்பர்தான் விளங்கும். பேரக் குடுத்தா நம்பர எடுத்துக் குடுக்கிற வேல டீஎன்எஸ்ஸிட வேல. இந்த ரூம்ல அந்தக் காலத்துக் கிளாக்கர் செஞ்ச வேல மாதிரி.”

“அருமையான உவமை” என்றார் சேர். “என் ஆய்வின் தலைப்பே அதுதானே. முகவரியற்ற சமூகம்.”

இப்போது பெயரைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க அந்த வீட்டுக் கம்பியூட்டர் யாரிடம் போகிறது என்று பார்த்தேன். ரூட்டரிடம் போக வேண்டும். போகவில்லை. 192.168.1.17 என்று இருந்தது. 192.168 என்றாலே வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு சாமான்தான். கடைசியில் இருக்கும் பதினேழுதான் அதன் அடையாளம்.

“வேற கம்பியூட்டர் இருக்கா? டீவி, பிரிண்டர், ஏதாச்சும்?”

“இருக்கிறது ஒண்ணுதான். டீவியும் பழைய பெட்டி டீவி” என்றார் டீச்சர்.

பதினேழை அழித்துவிட்டு எல்லாரும் போடும் பொது இலக்கத்தைப் போட்டேன். ஓகேயை அழுத்தினேன். மூடித் திறந்தேன்.

192.168.1.17.

மறுபடி அழித்தேன். நினைவில் கிடந்த பழைய பெயர்களையெல்லாம் துடைத்தேன். கம்பியூட்டரை மறுதொடக்கம் செய்தேன். ரூட்டரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோனேன். ஊசியால் அதன் பின்பக்கத் துளையைக் குத்தி, பதினைந்து செக்கன், ஊசி போடும் நர்ஸ் மாதிரி நின்றேன். எல்லாம் முடிந்து பார்த்தால், பதினேழு அதே இடத்தில், கூப்பிடாத கலியாணத்துக்கு வந்து முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் போல இருந்தது.

மணி ஒன்று ஐம்பது. பேயைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை. எவனோ மடையன் எங்கேயோ எதையோ மாற்றி வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். என் தொழிலில் எல்லாவற்றுக்கும் காரணம் முன்பு வந்து போனவன்தான்.

“இது திட்டமிட்ட சதி” என்றார் சேர். “நான் பட்டம் பெறுவதை விரும்பாதவர்கள் கல்வித் திணைக்களத்தில் இன்றும் இருக்கிறார்கள்.”

“அவங்களுக்கு ஈமெயில் அனுப்பவே ஆள் வேணும். அவங்களாவது சதி பண்றதாவது” என்றார் டீச்சர். “பேசாம கம்பளைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம். நேத்தே சொன்னேன்.”

“கம்பளையில் இந்தப் பின்னணி இருக்கிறதா?” சேர் சுவரைக் காட்டினார். கேடயங்களைச் சொல்கிறார். “பேராசிரியர்கள் பார்க்க வேண்டும் அல்லவா?”

இப்போது நினைத்தாலும் போக முடியாது. பாதை வளைவில் ஒரு மரம் விழுந்துவிட்டதாக வெளியே யாரோ கத்திக்கொண்டு போனார்கள். போனில் சிக்னல் இல்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு வருமாம். காலையில் எனக்குக் கோல் எடுத்ததும் அங்கிருந்துதானாம்; மழை தொடங்கியதும் அதுவும் போய்விட்டதாம்.

டீச்சர் பிளேன்டீ கொண்டுவந்தார். அவர்கள் இருவருக்கும் பூப்போட்ட கப். எனக்குக் கைப்பிடி உடைந்த கப். என் கண் போன இடத்தை டீச்சர் கவனித்துவிட்டார். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

“அது வேலைக்கு வாறவங்களுக்குன்னு சேர் எடுத்து வச்சது” என்றார் மெதுவாக. “ஏழு வருசம் கணேஸ் அதுலதான் குடிச்சான்.”

கப்பைக் கீழே வைத்தேன். குடிக்கவில்லை.

*

பதினேழு யார் என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. பிங் என்று பெயர். ஒரு இலக்கத்தை ‘இருக்கியா?’ என்று கூப்பிடுவது. இருந்தால் ‘இருக்கேன்’ என்று பதில் வரும். எவ்வளவு நேரத்தில் வந்தது என்றும் காட்டும். நேரம் கூடினால் ஆள் தூரம். குறைந்தால் பக்கம்.

கூப்பிட்டேன்.

192.168.1.17 பதில்: 40 மில்லிசெக்கன்.

வீட்டுக்குள் இருக்கும் சாமான் ஒன்று, இரண்டில் பதில் சொல்ல வேண்டும். நாற்பது என்றால் கொழும்பில் இருப்பது மாதிரி. இது என்ன கூத்து என்று கூப்பிட்டபடியே விட்டுவிட்டு, வெளியே போகும் பாதையைத் தேடினேன். நமது செய்தி முதலில் ரூட்டருக்குப் போய், அங்கிருந்து கம்பனிக்குப் போய், பிறகு கடல் தாண்டும். ஒவ்வொரு தரிப்பிடத்தையும் ஒரு வரியாகக் காட்டும்.

ஒரு வரிதான் வந்தது. முதல் தரிப்பு, பதினேழு. அதற்குப் பிறகு வெறும் நட்சத்திரங்கள். போன கடிதமெல்லாம் பதினேழிடம் போய் நின்றுவிடுகிறது. அது யாருக்கும் கொடுக்கவில்லை.

திரையில் பிங் ஓடிக்கொண்டிருந்த மற்ற ஜன்னலைப் பார்த்தேன்.

31 மில்லிசெக்கன்.

22.

14.

“என்ன தம்பி, முன்னேற்றமா?” என்றார் சேர்.

“கிட்ட வருது சேர்.”

“நல்லது.”

நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில் அப்போது ஈரத் துணியின் மணம் வந்தது. நனைந்த பொலித்தீன் மழைக்கோட்டை வீட்டுக்குள் கழற்றிப் போட்டால் வருமே, அது. என் ஜக்கட் விறாந்தையில் கிடந்தது.

அப்போது கரண்ட் போனது.

அறை இருண்டது. ரூட்டரின் பச்சைக் கண் மூடியது. கம்பியூட்டர் மட்டும் யூபிஎஸ் பற்றரியில் நின்றது. அந்த யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். திரையின் வெளிச்சத்தில் சுவர்ப்பெட்டிகள் எல்லாம் கறுத்த வாய்களாகத் தெரிந்தன.

ரூட்டர் செத்துவிட்டது. இனிப் பதில் வர வழியில்லை.

9 மில்லிசெக்கன்.

6.

நான் எழுந்து கேபிளைக் கம்பியூட்டரிலிருந்து பிடுங்கினேன். கையில் வைத்துப் பார்த்தேன். புதுத் தலை, என் கையால் போட்டது.

4.

வாய் தானாக ஓதத் தொடங்கியது.

2.

“டீச்சர்” என்றேன். “கேபிள் என்ட கையில இருக்கு.”

டீச்சர் கேபிளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

ஒன்றுக்கும் குறைவு.

என் இடது காதுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாகச் சொடக்கு முறிந்தன.

மழை மட்டும் அதன் வேலையைப் பார்த்தது.

“அவன் இப்புடித்தான்” என்றார் டீச்சர், மூச்சுக்குள். “ஒரு பக்கம் டைப் பண்ணி முடிச்சா, அஞ்சு வெரலையும் முறிப்பான்.”

“யசோ” என்றார் சேர். “சும்மாயிரு.” அதுதான் நான் கேட்ட அவருடைய முதல் மேடையில்லாத வாக்கியம்.

*

நான் தொடாமலே திரையில் ஒரு பக்கம் திறந்தது. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பதினேழின் இலக்கம் மட்டும். வெள்ளைப் பக்கம். மேலே தலைப்பு: நன்றியுரை.

சேரின் ஆய்வு நூலின் நன்றியுரைதான். கணேஸ் டைப் செய்தது. ஏழு பக்கம். இரண்டு முன்னாள் அமைச்சர்களுக்கு நன்றி. வங்கி முகாமையாளருக்கு நன்றி. சமர்ப்பிக்கும் சுபநேரம் குறித்துக் கொடுத்த சோதிடருக்கு நன்றி. அச்சகத்துக்கு நன்றி. எழுதுமேசைக்கு நிழல் தந்த பலாமரத்துக்கு நன்றி. பக்கம் தானாக மெதுவாக நகர்ந்து, கடைசி வரிக்கு வந்து நின்றது. அந்த வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்தது. எழுதக் காத்திருக்கும் கோடு.

எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டில் சோறு போதாமல் போனால் மன்னிப்பார்கள். நன்றியுரையில் பெயர் விடுபட்டால் மன்னிப்பதில்லை. மேடையில் ஒரு பெயரை மறந்ததால் பத்து வருடம் பேசாமல் இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் செத்தவரும் அந்தக் கணக்கில் வருவார் என்று எனக்குத் தெரியாது.

“பலாமரத்துக்கு நன்றி இருக்கு” என்றார் டீச்சர். “எனக்கு ‘இல்லத்தரசி’ன்னு அர வரி இருக்கு, நான் முப்பது வருசம் படிப்பிச்சவ. அத விடுங்க. கணேஸ் பேரு எங்க?”

“அது... தட்டச்சு என்பது ஒரு தொழில்நுட்பப் பணி...”

“பதினேழாம் நம்பர் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? பதினேழாம் நம்பர் லயக் காம்பராவுல பொறந்தவன் அவன். அவங்கம்மா பாலம்மாவுக்கு வந்த பிரஜாவுரிமைக் கடுதாசி ரெண்டு வருசம் அந்தப் பொட்டியில கெடந்துச்சு, கிளாக்கர் குடுக்கல. அதத்தான நாலாம் அத்தியாயமா எழுதுனான்? நடந்து நடந்து அறுவது வீட்டுல பேட்டி எடுத்தது யாரு? நீங்களா?”

சேர் என்னைப் பார்த்தார். அந்நியன் முன்னால் இதெல்லாம் எதற்கு என்ற பார்வை. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு இருபத்தைந்து.

“புத்தகம் பைண்ட் பண்ணி அனுப்பியாயிற்று” என்றார் திரையைப் பார்த்து, உத்தியோகக் குரலில். “இனி மாற்ற ஏற்பாடு இல்லை.”

மின்னிய கோடு நின்றது. யூபிஎஸ் ஒரு தரம் கீச்சிட்டது. திரை மங்கியது.

“சரி, சரி” என்றார் சேர் அவசரமாக. “தம்பி, ‘தட்டச்சு உதவி, திரு கணேஸ்’ என்று போடுங்கள்.”

அடித்தேன். ஒரு எழுத்தும் திரையில் விழவில்லை. விசைப்பலகையைக் கழற்றிப் போட்டு மறுபடி அடித்தேன். விழவில்லை. எனக்கு விளங்கியது. எழுந்து கதிரையை விட்டேன்.

“நீங்கதான் அடிக்கணும் போல சேர்.”

கலாநிதியாகப் போகிறவர் உட்கார்ந்தார். ஒற்றை விரலை நீட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வின் ஆசிரியர், விசைப்பலகையின் மேல் அந்த விரலைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய், கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, ‘த’ எங்க இருக்கு?”

காட்டினேன். ‘தட்டச்சு உதவி’ என்று முடிக்க ஆறு நிமிடம் போனது. முடித்த கையோடு, வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. நிதானமாக. டீச்சர்கள் சிவப்புப் பேனையால் வெட்டும் நிதானம்.

‘ஆய்வு உதவி’ என்று அடித்தார். அழிந்தது.

‘கள ஆய்வில் உறுதுணையாக நின்ற’ என்று தொடங்கினார். ‘உறு’ வரும்போதே அழிந்தது.

“இன்னும் என்னதான்டா வேணும் ஒனக்கு?” என்றார் சேர். நெற்றி வியர்வை டையில் சொட்டியது. மேடைத் தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருக்குள்ளும் ஒரு லயத்துக் குரல் இருந்தது.

“உண்மைய எழுதுங்க” என்றார் டீச்சர். “ஒரு தரம்தான.”

சேர் டையைத் தளர்த்தினார். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அடிக்கத் தொடங்கினார். நான் எழுத்தைக் காட்டக் காட்ட, ஒவ்வொன்றாகக் குத்தினார்.

‘நாலாம் அத்தியாயத்த எழுதுனது கணேஸ். நான் இல்ல.’

பேச்சுத் தமிழில். நான் திருத்தச் சொல்லவில்லை.

அந்த வரி அழியவில்லை.

ஐந்து சொடக்கு. இந்தத் தரம் சேரின் காதுக்குப் பக்கத்தில்.

திரையில் அழைப்பு ஒலித்தது. மூன்று பேராசிரியர்கள், மூன்று சதுரங்களில். கரண்ட் இல்லை. ரூட்டர் இல்லை. கேபிள் என் மடியில் கிடந்தது. படம் ஒரு தரம்கூட உறையவில்லை; கண்டி டவுனில் ஃபைபர் போட்ட வீடுகளிலும் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை.

*

நானும் டீச்சரும் திரையில் தெரியாத மூலையில் நின்றோம். முதல் மூன்று அத்தியாயங்களையும் சேர் சமாளித்தார். பிறகு நடுச்சதுரத்தில் இருந்த பேராசிரியை அம்மா கேட்டார்: “நான்காம் அத்தியாயத்தில், பதினேழாம் இலக்கக் காம்பராவில் வசித்த அந்தத் தாயார் கடிதம் கிடைத்த நாளில் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. ஏன்?”

சேர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அப்படியே இருந்தார்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. மழைகூட நின்றிருந்தது.

ஆனால் திரையில் மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பெடுத்தார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நான்கு நிமிடம். சேரின் வாய் அந்த நான்கு நிமிடமும் அசையவில்லை.

“நன்றி” என்றார் அந்த அம்மா கடைசியில். “இவ்வளவு நேர்மையான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் நன்றி. இனி அவர் உட்காரலாம், இவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருக்கிறார்.”

சேரின் பக்கத்தில் ஒரு வெற்றுக் கதிரை இருந்தது. அது மெதுவாகக் கிறீச்சிட்டது.

ஒரு சிறு திருத்தத்தோடு பட்டத்துக்குச் சிபாரிசு செய்தார்கள். திருத்தம் நன்றியுரையில். அந்தப் பக்கம் எப்படி அவர்களிடம் போனது என்று யாரும் கேட்கவில்லை. அழைப்பு முடிந்ததும் யூபிஎஸ் நீளமாக ஒரு கீச்சிட்டு அணைந்தது. பத்து நிமிடம் தாங்குவது அன்று ஒன்றரை மணி நேரம் தாங்கியிருந்தது.

டீச்சர் பூப்போட்ட கப்பில் பிளேன்டீ ஊற்றி, அந்தக் கதிரைக்கு முன்னால் வைத்தார்.

*

ஒரு மாதம் கழித்து டீச்சரை வத்தேகம சந்தையில் கண்டேன். மரக்கறிக் கடையில் கோவா வாங்கிக்கொண்டிருந்தார்.

“நெட் எப்படி டீச்சர்?”

“நல்லா இருக்கு. ஆனா பலகையில அந்தப் பேக்க அவுத்தா போயிருது. கட்டினா வந்துருது.” கோவாவைத் தட்டிப் பார்த்தார். “அவரும் மூணு தரம் அவுத்துப் பாத்தாரு. இப்ப கட்டித்தான் வச்சிருக்கு. பேக் கிழிஞ்சா மாத்துறதும் அவர்தான்.”

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லலாம், கடைக்கும் ஆள் வரும் என்று நினைத்தேன். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, முன்னறையில் என் கம்பியூட்டரில் நெட் இல்லை. ரூட்டரை நிறுத்திப் போட்டேன். வரவில்லை. டீஎன்எஸ்ஸைப் பார்த்தேன்.

192.168.1.17. என் வீட்டில் பதினேழு என்று எந்தச் சாமானும் இல்லை. நான்தான் எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டவன்.

கூப்பிட்டுப் பார்த்தேன்.

40 மில்லிசெக்கன்.

31.

22.

உள்ளேயிருந்து என் மனைவி ஜஹானா சத்தம் போட்டாள். “மஃரிபு நேரத்தில சொடக்கு முறிக்க வாணாம்னு எத்தின தரம் செல்லிருக்கேன்?”

என் இரண்டு கையும் மேசை மேல் இருந்தன. பக்கத்தில் தொழில் பை திறந்து கிடந்தது. மேலே சிவப்பு டேப் சுற்றிய கிரிம்பிங் டூல்.

அது கணேஸுடையது. மூன்று வருடத்துக்கு முன், ஒரு நாளைக்கு என்று இரவல் வாங்கினேன்; திருப்பிக் கொடுக்கவில்லை. அவனுடைய செத்த வீட்டுக்கு நான் போகாததற்குக் காரணமும் அதுதான்.